இன்னொரு தடவை வைங்க, சின்னம்மா

அந்த மனுஷன் யாரையும் முதலில் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டார். கையைத்தான் பார்ப்பார். நலம் விசாரிப்பதே கையை வைத்துத்தான். "என்னா பெரியம்மா, வெரலெல்லாம் வெடிச்சுக் கெடக்கு, நேத்து எந்த வயல்ல நடவு?" என்பார். "மாமா, கட்டை வெரல்ல என்ன துணி? அருவா பட்டுடுச்சா? சரி விடுங்க, இந்த வாரம் நமக்கு ஆள்காட்டி வெரல்தான்" என்பார். எங்கள் தெருவில் பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீடாமங்கலத்திலிருந்து பஸ் ஏறி இறங்கி, வாய்க்கால் கரையோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. பேங்க்குக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் பேங்க்கே அவர் கையில் ஒரு சின்ன மெஷினைக் கொடுத்து ஊருக்கு அனுப்பியிருந்தது. வெள்ளிக்கிழமை பேருந்து நிழற்குடையில் உட்கார்ந்திருப்பார். ஆதார் நம்பரைச் சொல்லி, மெஷினில் விரலை வைத்தால் போதும். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் பணம், பிள்ளைகள் வெளியூரிலிருந்து போடும் பணம் எல்லாம் அவர் கையால்தான் எங்கள் கைக்கு வரும். அவர் பேங்க்கு ஊழியர் இல்லை, வெறும் கமிஷன் ஆள். ஆனாலும் தெருவில் அவருக்குப் பெயரே பேங்க்கு. "பேங்க்கு வந்துடுச்சா?" "இன்னும் வரல, மொபெட் சத்தம் கேக்கலையே."

அவருடைய பெருமை அந்த மெஷின் இல்லை. மெஷினோடு ஒரு டிபன் டப்பா வைத்திருந்தார், அதுதான். அதற்குள் ஈரத்துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று, பாதி எலுமிச்சம்பழம் ஒன்று. வருஷக்கணக்காகச் சேற்றில் நாற்று நட்ட பெண்களின் விரலில் ரேகை இருக்காது. தேய்ந்து வழவழவென்று ஆகிவிடும். மெஷினில் வைத்தால் ரேகை விழாது, பொருந்தவில்லை என்று சிவப்பாகக் காட்டும். பக்கத்து ஊர் மெஷின்காரர், "விழல, அடுத்த வாரம் வா" என்று அனுப்பிவிடுவாராம். எங்கள் ஆள் அப்படி இல்லை. எலுமிச்சம்பழத்தால் விரலைத் தேய்த்து, துடைத்து, கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி வைக்கச் சொல்வார். விழவில்லையா, அடுத்த விரல். பத்து விரலும் ஆகட்டும், மறுபடி முதலிலிருந்து. பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. ஊரில் பாதிப் பேருக்கு எந்த விரல் விழும் என்பது அவருக்கு மனப்பாடம்.

"சின்னம்மாவுக்கு எடது கை மோதிர வெரல்" என்பார் என் அம்மாவைப் பார்த்து. "நாத்து முடிய எடது கையில பிடிக்கிறப்ப அந்த வெரல் மட்டும் சும்மா இருக்கும். அதான் தேயல."

அம்மா வாயைப் பிளந்தாள். இருபத்தைந்து வருஷமாக நடவு நடுகிறவளுக்கே தெரியாத சங்கதி அது.

பாருங்கள், இதை எழுதும்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போகிறது. 'அவர்' என்றுதான் எழுத வருகிறது, 'அவன்' என்று வரமாட்டேன் என்கிறது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் தெருவில் எல்லாரும் ஒரு காலத்தில் பண்ணை வேலைக்காரர்கள். எங்கள் தாத்தா காலம் வரை அடுத்தவர் வயலில் பொழுது விடிந்து, அடுத்தவர் களத்தில் பொழுது சாய்ந்தவர்கள். அந்தத் தெருவில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியது அவர். அதோடு நிற்காமல் கல்விக் கடன் வாங்கித் திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எம்.பி.ஏ. படித்தார். படிப்பு முடிந்தது, சொன்ன வேலை வரவில்லை, அவருடைய அப்பாவுக்கு வாதம் வந்து படுக்கையில் விழுந்தார், கடன் அப்படியே நின்றுவிட்டது. பேங்க்கு பரீட்சை எழுதினார். பாஸும் ஆனார். கடன் பாக்கி வைத்திருப்பவருக்கு பேங்க்கில் வேலை கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேலை கொடுத்தால்தானே சார் கடனைக் கட்ட முடியும் என்று கேட்டாராம். அது எங்கள் வேலை இல்லை என்றார்களாம். இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். புதிதாக யாரிடமாவது பேசினால், "நான் எம்.பி.ஏ. கடன்காரங்க" என்று தன்னை அறிமுகம் செய்துகொள்வார்.

அவரைப் பார்த்துத்தான் நான் படித்தேன். நர்சிங் சீட் கிடைத்தபோது கல்விக் கடனுக்கான படிவத்தை எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது அவர்தான். அம்மா இணைக் கடன்தாரர் என்று கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைத்தாள். "பயப்படாத பாப்பா. ரெண்டு வருஷம் வேலை பாத்தா அடைச்சுடலாம். நான் மாட்டுனேன்னா அது எம்.பி.ஏ. ஊசி போடுற படிப்புக்கு என்னைக்கும் சோறு இருக்கு" என்றார்.

சோறு இருந்தது. ஆனால் நான் வேலைக்குப் போன மாசமே அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை தஞ்சாவூருக்கு டயாலிசிஸ். டயாலிசிஸ் இலவசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. போக வர கார் இலவசமில்லை, வெளியே எழுதிக் கொடுக்கும் மருந்து இலவசமில்லை, கூடப் போகும் அம்மாவின் கூலி போனதற்கு யாரும் பதில் சொல்லப்போவதில்லை. என் சம்பளம் அப்பாவின் உடம்புக்குள் போய்க்கொண்டே இருந்தது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கடன் தவணை மட்டும் நின்றது. நோட்டீஸ் வந்தது. அப்பா போனார்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று கடன் கொடுத்த பேங்க்கிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள். துக்கம் என்று தெரியாமல் வந்திருக்கலாம். தெரிந்த பிறகாவது போயிருக்கலாம். வாசலில் நின்று, இணைக் கடன்தாரர் யார் என்று சத்தமாகக் கேட்டார்கள். உறவெல்லாம் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம். அது தான்தான் என்று சொல்லவே அம்மாவுக்குத் தெரியவில்லை. நான் கூனிக் குறுகிப் போய் நின்றேன். அப்போது மொபெட்டை நிறுத்திவிட்டு வந்தவர் அவர்தான்.

"சார், இவங்க கடன்தான் வாங்கியிருக்காங்க. திருடலை" என்றார். "திருடனைக்கூட சாவு வீட்டுல வந்து கூப்பிட மாட்டாங்க. போயிட்டு வாங்க. நான் ஒரு நாள் கூட்டிட்டு வர்றேன்."

அவர்கள் போய்விட்டார்கள். அன்றைக்கு அவருக்கு இலை போட்டு என் கையால் பரிமாறினேன். கூடப் பிறந்தவன் இல்லாத குறை எனக்கு அந்த நிமிஷத்தோடு தீர்ந்தது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

யோசனை சொன்னதும் அவர்தான். "பாப்பா, நீ மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா லோன் கணக்குல போட்டேன்னு வையி, அவ்வளவும் வட்டிக்கே போயிடும். அசல் அசையாது. தனியாச் சேரு. ஒரு தொகை சேந்ததும் லோக் அதாலத்துல, அதான் மக்கள் நீதிமன்றத்துல, போயி நிப்போம். வட்டிய விட்டுக் குடுங்க, மொத்தமாக் கட்டுறோம்னு பேசுவோம். நான் கூட வர்றேன்."

"எங்கண்ணே சேக்குறது?"

"அந்த பேங்க்குலயே வச்சா லோனுக்குப் பிடிச்சுக்குவான். உன் கையில வச்சா செலவாயிடும். சின்னம்மாவுக்கு நம்ம மெஷின் பேங்க்குல கணக்கு இருக்குல்ல? அதுல போட்டு வையி."

இதில் எந்தத் தப்பும் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு யோசித்தாலும் அது நல்ல யோசனைதான். சென்னைக்குப் போய் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்தேன். அடுத்தவள் லீவு போட்டால் அவள் வேலையையும் நானே பார்த்தேன். ஹாஸ்டலில் இரண்டு வேளை சாப்பாட்டுக்கு மட்டும் பணம் கட்டினேன். பாபநாசத்திலிருந்து வந்த ஒரு வரன், "பொண்ணு பேர்ல கடன் இருக்காமே" என்று சொல்லி நின்றுபோனது. போகட்டும், கடனை முடித்துவிட்டு நிமிர்ந்து நிற்கலாம் என்று இருந்தேன். சம்பளம் வந்த அன்றே அம்மாவின் கணக்கில் போட்டுவிடுவேன்.

அப்பா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அம்மாவுக்கு இடது மார்பில் கட்டி. எப்போதிலிருந்து இருக்கிறது என்று கேட்டேன். "குறுவை நடவு முடியட்டும்னு இருந்தேன்டி" என்றாள். நர்ஸைப் பெற்றவள் சொல்லும் பதிலா இது? தலையில் அடித்துக்கொண்டேன். தஞ்சாவூரில் ஆபரேஷன் ஆனது, பிறகு ஊசிகள். அம்மா வயலில் இறங்குவது அதோடு நின்றது. முடியெல்லாம் கொட்டி, நாக்கில் ருசி செத்து, வீட்டுக்குள்ளேயே கிடந்தாள். அவளுடைய தங்கை ஒருத்தி வந்து கூட இருந்தாள்.

அம்மாவால் நிழற்குடை வரை நடக்க முடியாது என்று மெஷின் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. எந்த பேங்க்கு இப்படி வரும் சொல்லுங்கள். மருந்துச் செலவுக்கு மூவாயிரம் எடுத்துக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். சேமிப்பு எவ்வளவு ஆகியிருக்கிறது என்று அம்மாவுக்குச் சொல்வார், அம்மா போனில் எனக்குச் சொல்வாள். பாஸ்புக் அவரிடம்தான் இருந்தது. "என்ட்ரி போட்டுக் கொண்டாறேன் சின்னம்மா" என்று வாங்கிப் போனது. அம்மாவின் கணக்குக்குக் கொடுத்திருந்த போன் நம்பரும் அவருடையதுதான். கணக்கு ஆரம்பித்த காலத்தில் எங்கள் வீட்டில் ஒழுங்கான போன் இல்லை. தெருவில் நிறையப் பேருக்கு அப்படித்தான். பணம் வந்தாலும் போனாலும் மெசேஜ் அவர் சட்டைப்பைக்குத்தான் போகும். வெள்ளிக்கிழமை முழுக்க அந்தப் பையில் 'கிணிங் கிணிங்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "ஊர்ச் சொத்தெல்லாம் என் நெஞ்சுல கெடந்து கத்துது" என்று கிண்டலடிப்பார். நாங்களும் சிரிப்போம்.

ஒரு நாள் அம்மா போனில் குதூகலமாகப் பேசினாள். எத்தனையோ மாசம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். "பேங்க்குத் தம்பிக்கு லோன் முடிஞ்சுடுச்சுடி! லோக் அதாலத்துல போயி முடிச்சுட்டானாம். இனிமே பாக்கி ஒண்ணும் இல்லேன்னு சீல் போட்டுக் கடுதாசி குடுத்துருக்காங்க. எல்லாரையும் விட்டுட்டு நேரா எங்கிட்டதான் கொண்டாந்து காட்டுனான். காலத் தொட்டுக் கும்புட்டான்டி."

திருவையாற்றிலிருந்து ஒரு டப்பா அசோகா வாங்கிக்கொண்டு வந்திருந்தாராம். பாசிப்பருப்பும் நெய்யுமாக, தொண்டையில் தானாக இறங்கும் அல்வா அது. நாக்கில் எதுவும் உறைக்காமல், கஞ்சியைக்கூட கண்ணை மூடிக்கொண்டு விழுங்கிக்கொண்டிருந்தவள், அதை வாயில் போட்டதும் இனிக்கிறது என்றாளாம். இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டு வாங்கித் தின்றாளாம். நான் ஆஸ்பத்திரி மாடிப்படியில் நின்றபடி அழுதேன், சந்தோஷத்தில். அவருக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்க கரையேறிட்டீங்க. அடுத்தது நாங்கதான்" என்றேன்.

"கண்டிப்பா பாப்பா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். போனை வைக்கும்போது, "சின்னம்மாவ நல்லாப் பாத்துக்க" என்றார்.

என் முறையும் வந்தது. கடன் கொடுத்த பேங்க்கில் பேசினேன். வட்டியில் பெரும்பகுதியைத் தள்ளிவிட்டு ஒரு தொகை சொன்னார்கள். லோக் அதாலத் நடக்கும் சனிக்கிழமை மொத்தமாகக் கட்டினால் கடன் முடியும், கட்டாவிட்டால் பழைய கணக்குத்தான் என்றார்கள். அம்மா சொன்ன சேமிப்புத் தொகைக்கு அது சரியாக இருந்தது. லீவு போட்டுவிட்டு ஒரு வாரம் முன்னதாகவே ஊருக்கு வந்தேன்.

வந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. அவர் மெஷினோடு வந்தார். என் கையைப் பார்த்தார். "என்னா பாப்பா, சோப்புப் போட்டுப் போட்டு ஒன் கையும் தேஞ்சு போச்சே" என்றார். அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன பக்கத்துக் கை கொஞ்சம் வீங்கியிருந்தது. வலிக்கப்போகிறதே என்று நானே அந்தக் கையைப் பிடித்து மோதிர விரலை மெஷினில் வைத்தேன்.

"விழல. இன்னொரு தடவ வைங்க, சின்னம்மா."

எலுமிச்சம்பழத்தால் நானே துடைத்தேன். வைத்தேன்.

"ம்ஹூம். இன்னொரு தடவ."

மூன்றாவது தடவை வைத்ததும், "ஆங், விழுந்துடுச்சு" என்றார். சட்டைப்பையில் போன் கிணிங் என்றது. இதற்கு முன்னாலும் இரண்டு தடவை கிணிங் என்றிருந்தது. நான் கேட்டேன், என் காதால் கேட்டேன். வேறு யாருக்கோ பணம் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மூவாயிரத்தை எண்ணி அம்மா மடியில் வைத்தார். மெஷினில் ரசீது வரும் இடத்தைப் பார்த்து, "பேப்பர் தீந்துபோச்சு" என்றார். டீ குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் ரேஷன் கடைக்கு அம்மாவை மெல்ல நடத்திக் கூட்டிப் போனேன். அங்கேயும் கைரேகைதான். அம்மா விரலை வைத்தாள், பச்சை விளக்கு எரிந்தது, பில் வந்துவிட்டது. நான் ஆச்சரியப்பட்டேன். கடைக்காரம்மா சிரித்தார். "உங்கம்மாவுக்கு இப்பல்லாம் எந்த வெரல வச்சாலும் மொதத் தடவையே விழுது. தங்கச்சி ஆட்டோவுல கூட்டியாரப்பல்லாம் பாக்குறேன், நாலு மாசமா இப்படித்தான். முன்னெல்லாம் இவங்க வந்தாலே நான் சேரை இழுத்துப் போட்டு உக்காந்துடுவேன், அவ்வளவு நேரமாகும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. படித்ததைக் காட்டும் ஆசை வேறு. "சேத்துல எறங்கலைல்ல, தோல் புதுசா வளந்திருக்கு. ரேகை திரும்ப வந்துடும்" என்று விளக்கம் சொன்னேன். வீட்டுக்கு வரும் வழியில் அம்மாவின் கையை எடுத்துப் பார்த்தேன். விரல் நுனியில் சுழி சுழியாகக் கோடுகள். சின்ன வயசிலிருந்து நான் அந்தக் கையில் பார்த்தே இராத கோடுகள். நோய் வந்து படுத்ததில் அவளுக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் என்று சொல்லிச் சிரித்தேன்.

வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் வந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. ரேஷன் கடையில் முதல் தடவையே விழுகிற விரல், நேற்று எங்கள் வீட்டில் ஏன் இரண்டு தடவை விழவில்லை?

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வருஷம் மாதிரி போனது. திங்கட்கிழமை காலை அம்மாவைக் காரில் ஏற்றி மெஷின் பேங்க்குக்கே கூட்டிப் போனேன். பழைய பாஸ்புக் தொலைந்துவிட்டது என்று சொல்லிப் புதிது வாங்கி, பதியக் கொடுத்தேன். அந்தப் பிரிண்டர் நிற்கவே இல்லை. பக்கம் தீர்ந்து, திருப்பி வைத்து, மறுபடி ஓடியது. நான் போட்ட பணமெல்லாம் சரியாக இருந்தது. மருந்துக்கு எடுத்த மூவாயிரங்களும் இருந்தன. ஒவ்வொரு மூவாயிரத்துக்கும் பக்கத்தில், அதே தேதியில், பெரிய தொகைகள். ஒரு வரி, சில நாள் இரண்டு வரி. போன வெள்ளிக்கிழமைக்கு மூவாயிரத்தோடு சேர்த்து மூன்று வரி. அதில் இரண்டு, விழவில்லை என்று அவர் சொன்ன தடவைகள்; அம்மாவின் விரலைப் பிடித்து வைத்தது நான். கடைசி வரியில் மிச்சம் என்று இருந்ததை வைத்து அந்த மாச மருந்துகூட வாங்க முடியாது.

விழவில்லை என்று அவர் சொன்னதை ஊரில் ஒருத்தர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. எப்படிப் படுவோம்? எங்கள் விரலில் ரேகை இல்லை என்பது எங்களுக்கே தெரியுமே. எங்கள் உழைப்பில் தேய்ந்த இடத்தில் அவர் ஒளிந்துகொண்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று அவர் இன்னொரு ஊர்ப் பள்ளிக்கூட வாசலில் இருந்தார். ஒரு கிழவருக்கு எலுமிச்சம்பழத்தால் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் நின்றேன். வழக்கம்போல முதலில் என் கையைப் பார்த்தார். கையில் பாஸ்புக் இருந்தது.

கிழவரை அனுப்பிவிட்டு, "திருப்பிப் போட்டுடலாம்னுதான் பாப்பா இருந்தேன்" என்றார். பொய் சொல்லவில்லை, மழுப்பவில்லை. மழுப்பியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "எனக்கு வயசு வரம்பு முடியப்போகுது. இந்த வருஷம் லோன அடைச்சாத்தான் மறுபடி பேங்க்கு பரீட்ச எழுத முடியும். வேலை கெடச்சா மொதச் சம்பளத்துலேருந்து ஒனக்குத்தான். பரீட்ச எழுதினேன். ரெண்டு மார்க்குல போச்சு."

"லோன் முடிஞ்ச பொறவும் எடுத்துருக்கீங்களே. போன வெள்ளிக்கிழமகூட."

அவர் எலுமிச்சம்பழத்தை டப்பாவில் வைத்து மூடினார்.

"எங்க வீட்டுப் பணம்தான் கெடச்சுதாண்ணே ஒங்களுக்கு?"

"மத்தவங்க கணக்குல என்ன பாப்பா இருக்கு? நூறு நாள் கூலி. அதுல கை வைக்க மனசு வரல" என்றார். பிறகு, ஏதோ எனக்குத் தைரியம் சொல்வது போல, "நீ சம்பாதிக்கிற புள்ள. ஒன்னால மறுபடி சேத்துட முடியும்" என்றார்.

அறைந்திருக்க வேண்டும். அறையவில்லை. அவரைப் பார்த்துப் படித்து, அவர் நிரப்பிய படிவத்தில் கடன் வாங்கி, அவர் சொன்ன இடத்தில் சேர்த்து வைத்து, கடைசியில் என் திறமைக்கு அவரே கொடுத்த சர்டிபிகேட் அது.

சனிக்கிழமை தஞ்சாவூரில் லோக் அதாலத்துக்குப் போனேன். கையில் ஒன்றுமில்லை. பேங்க்கு அதிகாரி நல்லவர்தான், நடந்ததைக் கேட்டு உச்சுக்கொட்டினார். "புரியுதும்மா. ஆனா இன்னைக்குக் கட்டலேன்னா இந்தத் தொகை நிக்காது. அடுத்த தடவ வாங்க, என்ன சொல்வாங்கன்னு பாப்போம்" என்றார். அடுத்த தடவை அவ்வளவு குறைத்துச் சொல்லவில்லை. இன்றைக்கு வரைக்கும் மாசாமாசம் நேராக லோன் கணக்கில்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன், ரசீதை ஒன்றுவிடாமல் வைத்திருக்கிறேன். அவர் திருப்பூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். வழக்கு நடக்கிறது. பணம் வரவில்லை. அம்மா இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறாள். வீட்டில் எலுமிச்சம்பழம் வாங்குவதில்லை, புளிதான்.

வழக்கு போட வேண்டாம் என்றுதான் தெரு சொன்னது. லோக் அதாலத்திலிருந்து திரும்பி வந்ததும் விஷயம் பரவி, வாசலில் கூட்டம். "நம்ம தெருவுல படிச்சதே ஒண்ணு ரெண்டு. அதையும் ஸ்டேஷன்ல ஏத்தணுமா?" "ஒங்க வீட்டுல எழவு விழுந்தப்ப மொத ஆளா வந்து நின்னவன், நெனச்சுப் பாரு." "மெல்ல மெல்லக் குடுத்துடுறேன்னு சொல்றான்ல?" எனக்கே மனசு ஆடியது. அந்தப் பதினாறாம் நாள் இலை கண்ணுக்குள் வந்து போனது.

கணக்கு அம்மாவுடையது, புகார் அம்மாதான் கொடுக்க வேண்டும். அம்மா இரண்டு நாள் சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தாள். மூன்றாம் நாள் காலை சுவரைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"அசோகா வாங்கியாந்தானே, அது எந்த மாசம்?"

சொன்னேன்.

"அதுக்கு முந்தியே எடுத்துருக்கானா?"

பாஸ்புக்கைப் பார்த்தேன். "ஆமாம்மா. அந்த மாசம்தான் அதிகம்."

அம்மா வாயைத் துடைத்துக்கொண்டாள். வாயில் ஒன்றும் இல்லை, இருந்தாலும் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். "இன்னும் கொஞ்சம் குடுன்னு கேட்டு வாங்கித் தின்னேன்டி" என்றாள். பிறகு எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, தலைமுடி இல்லாத தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். "கெளம்பு."

ஸ்டேஷனில் எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டு எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டினார். மைப் பெட்டியைத் திறந்து, அம்மாவின் கட்டை விரலை அதில் ஒற்றித் தாளில் வைக்கச் சொன்னார். அம்மா வைத்தாள். எழுத்தர் எத்தனையோ பேரிடம் கைநாட்டு வாங்கிய பழக்கத்தில், தாளைக்கூடச் சரியாகப் பார்க்காமல், "நல்லா விழல பாருங்க. இன்னொரு தடவ வைங்கம்மா" என்றார்.

அம்மா கையை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"வைக்க மாட்டேன்" என்றாள். "ஒரு தடவதான் வைப்பேன். விழுந்துருக்கு. நல்லாப் பாருங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். அவர் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு கோடாக, ஒன்றுவிடாமல் விழுந்திருந்தது.